வருகிறது என்று சொன்ன கார்டு

புதுக் கிராஃபிக்ஸ் கார்டை வெள்ளிக் கவரிலிருந்து உருவும்போது பிளாஸ்டிக்கும் பசையும் கலந்த ஒரு வாசனை வரும்... விழுப்புரத்தில் என் கம்ப்யூட்டர் கடை முழுக்க அந்த வாசனைதான்.

2009, 2010 வாக்கில் என்று நினைக்கிறேன். தவறாகவும் இருக்கலாம்.

அப்போது இரண்டு கார்டு கம்பெனிகளுக்குள் கடும் போட்டி. பெயர்கள் எங்கள் வாயில் நுழையாது. பெட்டியில் இருந்த படத்தை வைத்து ஒருவனை வாள்காரன் என்போம், மற்றவனை ரோபோக்காரன் என்போம்.

கோலியனூரில் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்த ஏழுமலையின் கார்டு ஆனிக் கடைசியில் புகைந்துபோனது. அது இல்லாமல் மிக்ஸிங் கம்ப்யூட்டரில் படம் ஓடாது. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணிக்கு ஐந்து கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தார்.

வாள்காரனின் புதுக் கார்டு இரண்டு என் அலமாரியிலேயே இருந்தன. அதே வாரம் ரோபோக்காரன் அறிவித்தான்... ஒரே மாதத்தில் இதைவிட வேகமானது வருகிறது, விலையும் குறைவு என்று.

பத்திரிகைகளைப் பார்த்து, நோட்டில் கட்டம் போட்டு ஒப்பிட்டேன். அது என் பழக்கம். பிறகு, ஆடி போகட்டும், காத்திருங்கள் என்று ஏழுமலையிடம் சொன்னேன்.

திண்டிவனத்தில் கடை வைத்திருந்த அன்பழகன் இதைக் கேட்டுப் போனில் சிரித்தார்.

"எதிராளி சரக்கு விக்கக் கூடாதுன்னுதான் சார் அவன் வர்றேன் வர்றேன்னு சொல்லிக்கினு கீறான். நீங்க வேற சம்பளம் இல்லாம அவனுக்கு வேல செய்றீங்க."

வியாபாரப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி பிறந்தது. கார்டு வரவில்லை. சென்னை மொத்த வியாபாரிகளுக்குத் தினமும் போன் செய்தேன். அடுத்த வாரம் என்றார்கள்.

முதல் கல்யாணத்தைப் படம் பிடித்துவிட்டு, மிக்ஸிங் செய்ய வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார் ஏழுமலை. மாப்பிள்ளை வீட்டார் கேசட்டை வாங்கிக்கொண்டு வேறு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். அதைக் கேள்விப்பட்டு இன்னும் இரண்டு வீட்டார் விலகிக்கொண்டார்கள்.

ஒருநாள் ஏழுமலை திண்டிவனத்தில் வாள்காரனின் கார்டையே வாங்கிக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் கடைக்கு வந்தார்.

"மூணு கல்யாணம் பூடுச்சி சார். அன்பழகன் எங்கிட்டயும் அப்பவே சொன்னாரு. நீங்க படிச்சவராச்சேன்னு நான்தான் இருந்துட்டேன்."

குரலில் கோபமே இல்லை. என் அலமாரியில் அந்த இரண்டு பெட்டிகளும் அப்படியே இருந்தன...

ரோபோக்காரனின் கார்டு கார்த்திகையில் வந்தது. நல்ல கார்டுதான். என் கட்டங்களில் ஒரு பிழையும் இல்லை.

இப்போது அறிவிப்பெல்லாம் போனிலேயே நேரலையாக வருகிறது. 'விரைவில்' என்ற சொல் மட்டும் மாறவில்லை. கடையை மூடிப் பல வருஷம் ஆன பிறகும் யாராவது, வாங்கலாமா காத்திருக்கலாமா என்று கேட்பதுண்டு. வராமல் போனால் உங்களுக்கு என்ன ஆகும் என்று மட்டும் திருப்பிக் கேட்கிறேன். அதற்கு மேல் சொல்லத் தைரியமில்லை.

ஏழுமலையைச் சில நேரம் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறேன். நின்று, மரியாதையாக நலம் விசாரிப்பார். புதிய கேமரா, புதிய கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றையும் சொல்வார்.

வாங்கிய பிறகுதான் சொல்வார்.