இங்கிலாந்து எம்.பி.க்கு மயிலாப்பூரில் ஒட்டிய நன்றி போஸ்டர்

பொன்னுரங்கத்துக்குத் தெரிந்த அரசியல் ஒன்றுதான்: வேலை நடப்பதற்கு முன்பே நன்றி சொல்லிவிட வேண்டும். மயிலாப்பூரில் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிய அவருடைய தெருவுக்குக் குடிநீர்க் குழாய் அப்படித்தான் வந்தது. கவுன்சிலர் “பார்க்கலாம்” என்று சொன்ன மறுநாளே, ‘குழாய் தந்த எங்கள் தங்கமே, நன்றி!’ என்று போஸ்டர் அடித்து, அவர் போகிற வழியெல்லாம் ஒட்டினார். எதிரே வந்தவர்கள் எல்லாரும் குழாயைப் பற்றியே கேட்டார்கள். கவுன்சிலர் வேறு வழியில்லாமல் குழாய் போட்டார். பொன்னுரங்கம் கட்சியில் எந்தப் பதவிக்கும் வந்ததில்லை. போஸ்டர் ஒட்டியே அறுபதைத் தாண்டிவிட்டார்.

அவருடைய மகள் மணிமொழி நர்சிங் படித்துவிட்டு, இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்ல வேலைக்குப் போயிருந்தாள். அவளை வரவழைத்த நிறுவனம் ஏதோ மோசடியில் மாட்டி, வெளிநாட்டு ஆட்களை எடுக்கும் உரிமத்தை இழந்தது. தப்பு நிறுவனத்துடையது, நாட்டை விட்டுப் போக வேண்டியவள் இவள். அரசு கொடுத்த கெடுவுக்குள் வேறொரு இல்லம் வேலை கொடுத்து விசாவுக்குப் பொறுப்பேற்றால்தான் அங்கே இருக்கலாம்.

மணிமொழி அந்தத் தொகுதி எம்.பி.யைப் போய்ப் பார்த்தாள். பெல்விக் என்று பெயர். ஆளுங்கட்சிக்காரர்தான், ஆனால் மந்திரி இல்லை, சபையில் பின்வரிசை. அவர் முதலில் சபையில் ஒரு கேள்வி கேட்டார். ஒரு வரியில் பதில் வந்தது. சில வாரம் கழித்து, அன்றைய அலுவல் எல்லாம் முடிந்தபின், தனி விவாதமாகவே அதை எடுத்துப் பேசினார். பொன்னுரங்கமும் மனைவி ஜோதிலட்சுமியும் மறுநாள் அந்த வீடியோவை போனில் பார்த்தார்கள்.

“இன்னாமே, சபையில ஆளே இல்ல? எல்லாம் காலி பெஞ்சா கீது.”

“உன் கட்சிக் கூட்டத்துக்கு மட்டும் திரண்டு வந்தாங்களாக்கும்?” என்றாள் ஜோதிலட்சுமி.

இங்கிலீஷ் இருவருக்கும் ஓடவில்லை. மணிமொழி முன்பே சொல்லியிருந்தாள்: ஏமாந்த தொழிலாளியை ஏன் தண்டிக்கிறீர்கள் என்று பெல்விக் கேட்டார், கவனிக்கிறேன் என்று மந்திரி சொன்னார்.

“கவனிக்கிறேன்னுட்டாரு இல்ல? இப்பவே நன்றி சொல்லி ஆளப் புடிச்சுப் போடணும்,” என்றார் பொன்னுரங்கம். ஒரே ஒரு குறை அவருக்கு. “நம்ம பொண்ணு பேரையே சொல்லலியாமே. ‘என் தொகுதியில் ஒரு பெண்’னு மட்டும் சொன்னாராம்.”

அந்தக் குறையைத் தீர்க்கத் திருவல்லிக்கேணிக்குப் போனார். அங்கே ஷரீஃப் அச்சகம் வைத்திருக்கிறார். பொன்னுரங்கத்தின் எல்லாப் போஸ்டரும் அவர் கையில் அச்சானவைதான்.

“இன்னா தலைவரே, லண்டன்ல நிக்கப் போறியா?” என்றார் ஷரீஃப். “இந்த ஆளு கும்புடுற மாதிரி போட்டோ இல்லியா?”

“அவங்க கும்புட மாட்டாங்கய்யா. கைய நீட்டிப் பேசுறாரு பாரு, அதையே போடு.”

கீழே பெல்விக்கின் பெயரை மட்டும் இங்கிலீஷிலும் போட்டார் ஷரீஃப். அவருக்கும் புரிய வேண்டாமா? ‘எங்கள் மகள் மணிமொழிக்காக இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் முழங்கிய சிங்கமே!’ பக்கத்தில் மணிமொழியின் படம். விடிவதற்குள் லஸ் முனையிலிருந்து மந்தைவெளி வரை ஒட்டி முடித்தார் பொன்னுரங்கம்.

ஒரு நாள் பெருமைதான். பஸ் ஸ்டாப்பில் யாரோ ஒருவன் போட்டோ எடுத்து இணையத்தில் கிண்டலாகப் போட்டான். ஊரே சிரித்தது. சிரிப்பு கடல் தாண்டியது. இங்கே ரோட்டில் பள்ளம், இவருக்குச் சென்னையில் போஸ்டரா, இவர் யாருடைய எம்.பி. என்று பெல்விக்கின் எதிராளிகள் கேட்டார்கள். அந்த ஊர்ப் பத்திரிகை மணிமொழியின் பெயரையும் சொல்லி போஸ்டரை அப்படியே அச்சிட்டது.

மணிமொழி போன் செய்தாள்.

“நைனா, என் பேர போட்டியா?”

“போட்டோவும் போட்டேம்மா. காலேஜ்ல எடுத்தது. ஷோக்கா கீது.”



“பேர் வேணாம்னு நான்தான் அவர்கிட்ட கேட்டுக்கிட்டேன். இன்னொரு ஹோம்ல என்னை எடுத்துக்கிறேன்னு வாய்வார்த்தையா சொல்லியிருந்தாங்க. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. இன்னிக்கு அந்த ஹோம் மேடம் பேப்பரைக் காட்டுறாங்க. பேப்பர்ல அடிபடுற ஆளு வேணாமாம்.”

பொன்னுரங்கம் வாளியும் கொத்துக் கரண்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். எதிர்க்கட்சிக்காரன் கிழிக்க முடியாதபடி ஒட்டுவதில் பேர் வாங்கியவர். தண்ணீர் அடித்துச் சுரண்டினாலும் நகம் நகமாகத்தான் உரிந்தது. நட்ட நடு வெயில்.

“இன்னா மாமா, அதுக்குள்ள கட்சி மாறிட்டியா?” என்று ஆட்டோவிலிருந்து ஒருவன் கத்திவிட்டுப் போனான். வழக்கமாக இதற்கெல்லாம் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார். அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கெடு முடியும்வரை மணிமொழி வேறு இல்லங்களிலும் கேட்டுப் பார்த்தாள். பெயரைச் சொன்னதும் தேடிப் பார்க்கிறார்கள். தேடினால் முதலில் வருவது போஸ்டர்.

கடைசியாக அவள் பேசியபோது பொன்னுரங்கம் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அந்த எம்.பி. இன்னொரு வாட்டி எழுந்து பேச மாட்டாரா? வேணும்னா நான் மாப்பு கேட்டு எழுதறேம்மா.”

“எதுவும் எழுதாத நைனா. அவரு பேசுவாரு. அடுத்த வாரம்கூட இதே விஷயத்துல கேள்வி போட்டிருக்காராம். எனக்காக இல்ல. என்னை மாதிரி இங்க இன்னும் நிறையப் பேர் இருக்காங்க.”

ஜோதிலட்சுமி போனை வாங்கி, எந்த ஃபிளைட், மீனம்பாக்கத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாள்.