அம்மிக்குழவி உலா போன எட்டு வழிகள்

குழந்தை பிறந்த ஐந்தாம் மாதம், ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, சென்னையிலிருந்து என் மைத்துனர் அனுப்பிய குழந்தை வண்டி வீட்டுக்கு வந்தது. வியாழன்தான், சந்தேகமில்லை. நாட்குறிப்பு எழுதாமல் படுத்தால் தூக்கம் பிடிக்காத ஆள் நான்.

அட்டைப் பெட்டிக்குள் ஒரு வண்ணத்தாள் இருந்தது. பச்சைப் புல்வெளி, நடுவே வெள்ளையாக ஒரு பாதை, அதில் கணவனும் மனைவியும் சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளுகிறார்கள். படத்தில் நாய் இல்லை. கரும்பு டிராக்டர் இல்லை. வழிமறித்து, இது என்ன விலை என்று கேட்க ஒருவரும் இல்லை. வெளிநாட்டுப் பயண நூல்களை நிறையப் படித்துக் கெட்டுப்போனவன் என்பதால், அந்தப் பாதை கள்ளக்குறிச்சியைச் சுற்றி எங்காவது இருக்கும் என்று நம்பினேன். ஊர் தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பெயர்ப்பலகைகளை எல்லாம் மாற்றியிருந்தார்கள். பலகைக்குக் கீழே இருந்த தரையை யாரும் தொடவில்லை.

வண்டி எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. அறுவை சிகிச்சையில் பிறந்த குழந்தை. தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறது என்பாள் மனைவி. பாரம் தூக்கக் கூடாது, தினமும் காலையில் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் இருந்த பெரிய பாரமே குழந்தைதான். அதைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது; விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஐந்து மாதமாக அவள் வாசலைத் தாண்டவில்லை. கூடத்து ஜன்னலில் பதினொரு கம்பிகள் இருக்கின்றன என்பதை எனக்குச் சொன்னவள் அவள். நான் அதையும் குறித்து வைத்தேன்.

மழை விட்டதும், கார்த்திகை முதல் ஞாயிறு, வழி தேடக் கிளம்பினேன். குழந்தையை வைத்துச் சோதிக்க மனம் வரவில்லை. வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலில் இருந்த சரிவில் இறங்கினேன். எதிர்வீட்டு அக்கா துடைப்பத்தோடு ஓடி வந்தார்.

"இன்னா சார் இது. வெறும் தொட்டில ஆட்டுனாலே புள்ளைக்கு வயித்து வலி வரும். நீங்க ஊர் பூரா தள்ளிக்கினு போறீங்க."

"இது தொட்டில் இல்லைங்க அக்கா, வண்டி."

"புள்ள படுக்கறது எல்லாம் தொட்டிலுதான். எதனா ஒண்ண வச்சித் தள்ளுங்க."

பெயர் வைக்கிற அன்று தொட்டிலில் முதலில் அம்மிக்குழவியைக் கிடத்துவதுதானே வழக்கம். உள்ளே போய்க் குழவியைத் தூக்கி வந்தேன். எடையும் ஏறக்குறையக் குழந்தையின் எடை. துண்டைப் போர்த்தி, வாரை மாட்டினேன். அக்காவுக்குத் திருப்தி. மிக்சி வந்த பிறகு மூலையில் கிடந்த குழவிக்கும் உலா கிடைத்தது.

வழி ஒன்று, ஏரிக்கரை. மழைக்குப் பின் டிராக்டர் தடம் முழங்கால் ஆழம். நூறடியில் முன்சக்கரம் புதைந்தது. வரப்போரம் களை எடுத்துக்கொண்டிருந்த நான்கு பெண்கள் கரையேறி வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, குழந்தையைப் பார்க்கத் துண்டை விலக்கினார்கள். கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி சொன்னாள்:

"புள்ள அப்படியே அப்பன உரிச்சி வச்சிருக்குது."

வழி இரண்டு, கரும்பு லாரி போகிற சாலை. சாலைக்கு ஓரமே இல்லை. இருந்த ஓரத்தில் கரும்புச் சோகை. வழி மூன்று, எங்கள் நகரின் உள்தெரு. குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி, மூடி, மூடியதை மறுபடி தோண்டியிருந்தார்கள். வழி நான்கு, ஒரு பழைய கோயிலின் வெளிப் பிராகாரம். அகலமான கல் பாவிய தரை, வண்ணத்தாளில் இருந்ததைவிட நல்ல பாதை. ஆனால் செருப்புக் காப்பகத்து அம்மா விடவில்லை.

"தெருவ மிதிச்ச சக்கரம் உள்ள வரக்கூடாது. நாலு சக்கரம், ரெண்டு ஜோடி" என்று இரண்டு வில்லைகளை என் கையில் கொடுத்தார். குழவியைத் தோளில் சுமந்துகொண்டு சாமி கும்பிட்டேன். குருக்கள் என்னைப் பார்த்த பார்வையை நாட்குறிப்பில் எழுதவில்லை.

ஐந்தாவதும் ஆறாவதும் நாய்களுக்குச் சொந்தம்.

ஒவ்வொரு ஞாயிறும் திரும்பி வந்து, வழியின் நீளம், அகலம், குழிகளின் எண்ணிக்கை, நிழல் எத்தனை மரம் என்று மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மார்கழி இரண்டாம் வாரம் அவள் குறுக்கிட்டாள்.

"ஆறு வழி எழுதிட்டீங்க. குழவிக்கல்லு ஊரையே சுத்திடுச்சி. நான் இன்னும் வாசல் தாண்டல."

ஆகவே ஏழாவது வழிக்கு அவளையும் குழந்தையையும் அழைத்துப் போனேன். மலை. வெள்ளிமலைக்குப் போகிற பேருந்தில் வண்டியை மடக்கி டிரைவருக்குப் பக்கத்தில் வைத்தோம். குழந்தை என் மடியில். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி தானாக விரிந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் கண்டக்டர், "உங்க வண்டி எறங்கணுமாம் சார்" என்றார்.

மேலே சாலை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சமதளம் என்று ஒன்று வேண்டும் அல்லவா. ஏற்றத்தில் அவள் தள்ள, தையல் இழுத்தது. இறக்கத்தில் வண்டி அவளை இழுத்தது. நான் வாங்கித் தள்ளினேன்; அவள் பின்னால் கையை வீசிக்கொண்டு வந்தாள். எதிரே ஒரு பெண், முதுகில் குழந்தையைத் துணியால் கட்டி, தலையில் விறகுக் கட்டோடு மூச்சிரைக்காமல் ஏறிவந்தாள். நின்று வண்டியை ஆராய்ந்தாள்.

"கீழ்நாட்டுல புள்ளய ரோட்டுல உருட்டித்தான் வளக்கறீங்களா?"

மனைவி சிரித்தாள். ஆறு மாதத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பேருந்தில் மலை இறங்கி வரும்போது மட்டும் சொன்னாள்: "நல்லாதான் இருந்துச்சி. ஆனா அங்கயும் நீங்கதான் தள்ளுனீங்க."

எட்டாவது வழியை நான் முன்பே பார்த்து, கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். எங்கள் நகரின் பின்பக்கம் புதிதாகப் போட்ட தார்ச்சாலை. குழி இல்லை, மேடு இல்லை, வழுவழுவென்று ஒரு கிலோமீட்டர். ஆனால் தை பிறந்ததும் அதில் நீளவாக்கில் பாதியை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. ஓரத்து வயல்காரர்கள் கொட்டிக் காயப்போட்டு, வண்டி ஏறாமல் இருக்கக் கல் வரிசை வைத்துவிடுவார்கள். மீதிப் பாதியில் லாரி. நான் நின்று கேட்டேன்.

"இது ரோடுங்க, களம் இல்ல."

மக்காச்சோளக்கார அம்மா மரப்பலகையால் கிண்டுவதை நிறுத்தவில்லை. "எங்க ஊருல களம் எங்க இருக்குதுன்னு காட்டுங்க சார், இப்பவே வாரிக்கினு போறன்."

பதில் இல்லாதபோது மனு எழுதுவது என் வழக்கம். பொதுச்சாலையைத் தானியம் உலர்த்தும் இடமாகப் பயன்படுத்துவதால் தாய்மார்களும் சேய்களும் அடையும் இன்னல்கள் என்று தொடங்கி நான்கு பக்கம். பொங்கல் கழிந்த புதன்கிழமை காலை நல்ல தாளில் அதைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பக்கத்தில், 'வீட்டுச் சிறையில் வாடும் தாய்' என்ற இடத்தில், குழந்தையின் சத்தமே இல்லையே என்று நிமிர்ந்தேன். வீட்டில் யாரும் இல்லை. மூலையில் குழவி மட்டும் இருந்தது.

எதிர்வீட்டு அக்காதான் குழந்தையைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தாராம். "உங்க வூட்டுக்காரம்மா பின்பக்க ரோட்டுக்குப் போயிருக்குது. கூட வரவான்னு கேட்டேன், வேணான்னுடுச்சி."

ஓடினேன். மனுவும் கையில் வந்துவிட்டது.

லாரிகள் கல் வரிசையைக் கண்டு அந்தப் பக்கமாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தன. கல்லுக்கு இந்தப் பக்கம், மக்காச்சோளத்துக்கும் சாலையின் விளிம்புக்கும் நடுவே இரண்டடி அகலத்தில் வெறும் தார். கிண்டுவதற்காக அவர்கள் விட்டிருந்த தடம். அதில் என் மனைவி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு செருப்பைக் கழற்றி வண்டிக்கு அடியில் வைத்துவிட்டு, அந்தக் காலை மட்டும் மக்காச்சோளத்துக்குள் இழுத்து இழுத்து நடந்தாள். தானியம் புரண்டு பின்னால் நீளமாக ஒரு கோடு விழுந்தது. குழந்தை உட்கார்ந்து லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கெளறி உட்டுக்கினே போம்மா, அப்பதான் அடி காயும்" என்று மக்காச்சோளக்கார அம்மா சாலையோரத்தில் உட்கார்ந்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையில் இருந்த தாளையும் பார்த்தார். "இன்னா சார், காயிதம்?"

"சும்மா" என்றேன்.

"சும்மாதான வந்தீங்க. நீங்க ஊர் பூரா தள்ளிக்கினு திரிஞ்ச அந்தக் குழவிக்கல்லு வூட்டுலதான இருக்குது? எடுத்தாங்க. அந்தக் கோடியில கல்லு கம்மியா இருக்குது, லாரிக்காரன் ஏத்திடுவான்."

மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வீட்டுக்குப் போய்க் குழவியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வரிசையின் கோடியில் வைத்து, லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியும்படி நிமிர்த்தினேன். மனைவி அதற்குள் மறுகோடிக்குப் போய் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது மக்காச்சோளம் மறுபக்கம் வரும் என்பதால், இப்போது மற்றக் காலின் செருப்பைக் கழற்றினாள்.