ஓடாத படங்களின் பாட்டு

அப்போதெல்லாம் கேசட்டில் ஒரு பக்கம் ஓடிய படம், மறுபக்கம் ஓடாத படம். எனக்குப் பிடித்த இசையமைப்பாளரின் ஓடாத படங்கள்தான் உசத்தி என்று விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் வருஷக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். சிடி வந்ததும் கேசட்டுகளைப் பாட்டுக் கடையில் கொடுத்து அந்தப் பக்கங்களை மட்டும் ஒரே சிடியில் சேர்த்துப் பதியச் சொன்னேன்.

கடைக்காரர் சிரித்தார். "ஊத்திக்கிட்ட படமா பொறுக்கி எடுத்தாந்திருக்கீங்களேண்ணே!"

சிடியைப் பட்டறையில் ஓடவிட்டேன். அடுத்தடுத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, படத்துக்குப் படம் அதே வயலின், அதே கோரஸ். வேகத்தை மட்டும் மாற்றியிருக்கிறார். ஒரு தாலாட்டுக்குப் பாஸ் மார்க் போடலாம். மற்றதெல்லாம் முட்டை.

கூட வேலை செய்தவர் பொம்மை வார்க்கும் அச்சைத் தூக்கிக் காட்டினார். "உங்காளு வூட்லயும் இது ஒண்ணு இருக்குது போல."

சிடியை உருவி உடைந்த பொம்மைக் குவியலில் எறிந்தேன்.