ஈரத் தரைக்குச் சிவப்பு

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்த இரண்டாம் வருடம், என்னைச் சுத்தம் பார்க்கும் ஆடிட் குழுவில் போட்டார்கள். வாரம் ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு, கையில் தாளோடு சுற்றிவர வேண்டும். சுத்தமாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. எனக்குச் சிவப்பில்தான் ருசி. லைனில் எட்டு மணி நேரம் திட்டு வாங்குகிறவனுக்கு அந்த அதிகாரம் வேறெங்கே கிடைக்கும்?

வாசலில் நின்று தரையை மட்டும் பார்த்துவிட்டு, கேன்டீனுக்குத் தொடர்ந்து மூன்று வாரம் சிவப்பு வைத்தேன். காரணம் என்ற கட்டத்தில் மூன்று முறையும் ‘தரை ஈரம்’ என்றே எழுதினேன்.

பிள்ளைப்பாக்கத்தில் நாங்கள் நாலு பேர் தங்கியிருந்த ரூமின் சொந்தக்கார அக்காவுக்கும் எனக்கும் ஆகாது. துணி காயப்போடுவதற்குக்கூட சட்டம் வைத்திருந்தார். நிலம் விற்ற திமிர் என்று பேசிக்கொள்வோம். அவரும் ஏதோ கம்பெனிக்குப் போனார். என்ன வேலை என்று நாங்கள் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் ரூம் வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, உன் கம்பெனி கேன்டீன்லதான் நானும் தொடைக்கிறேன். சொல்லக் கூச்சமா இருந்துச்சு. யாரோ மூணு வாட்டி செவப்பு போட்டுக்கிறாராம். இன்னொரு வாட்டி வுழுந்தா வேலைக்கு வராதன்றான் கான்ட்ராக்டர். அவர் யாருன்னு மட்டும் சொல்லு.”

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “நான்தான்க்கா” என்று வந்தது.

அவர் கத்தவில்லை. “ஒன்னரை வரைக்கும் சாப்புடுறாங்க. அப்புறம் எச்சில் எடுத்து, பெருக்கி, தொடைச்சிக்கினு இருக்கசொல்ல நீ வந்துர்ற. தொடைச்ச தரை ஈரமாதானே இருக்கும்? உங்க வூட்ல யாரு தொடைக்கிறது?”

“அம்மா.”

“நீ பார்த்ததே இல்லியா?”

இல்லை. வெட்கமாக இருந்தது. அம்மா தரை துடைத்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். எங்கேயாவது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

திங்கட்கிழமை ஆடிட் அதிகாரியிடம் போய், மூன்று சிவப்பும் என் தப்பு, அழித்துவிடுங்கள் என்றேன்.

“அங்க தொடைக்கிறவங்க உனக்கு வேண்டியவங்களா?” என்றார்.

போன வாரம் கேட்டிருந்தால் இல்லை என்று சத்தியமே செய்திருப்பேன். “ஆமா சார்” என்றேன்.

வேண்டியவர்களுக்குப் பரிந்து பேசுகிறவன் ஆடிட்டில் இருக்கக் கூடாதாம். என்னை எடுத்துவிட்டு இன்னொருவனைப் போட்டார்கள். அவனிடமும் போய் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அந்த வாரம் சரியாக இரண்டு மணிக்குக் கேன்டீனுக்குப் போனான். நேர்மையான பையன். பார்த்ததை எழுதினான்: ‘தரை ஈரம்.’