ஆலப்புழையில் இசக்கி

எட்டாம் வகுப்புப் படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் கேரளத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். தாராவியில் எங்கள் சந்திலிருந்து மூன்று பெண்கள் போனோம்: நான், இசக்கி, ஜெபா. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். என்னை அனுப்ப அம்மாவுக்கு இஷ்டமில்லை. பெண்பிள்ளையை அத்தனை தூரம் எதற்கு என்றாள். அப்பா துணி தைக்கும் ஒரு பட்டறையில் கட்டிங் மாஸ்டர். வீட்டில் அதிகம் பேசமாட்டார்; பேசிவிட்டால் அதோடு முடிந்தது.

"போயிட்டு வரட்டும். நாம எங்க கூட்டிட்டுப் போவப் போறோம்?" என்றார்.

அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் எனக்காக முறுக்கு சுட்டாள்.

குர்லா ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட அப்பாதான் வந்தார். எங்கள் டீச்சர் மராட்டிக்காரர். அப்பா தனக்குத் தெரிந்த இந்தியில் அவரிடம் ஏதோ பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இந்தியைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. ரயில் நகர்ந்தபோது நான் ஜன்னலோரத்தில் இல்லை. மேல் பெர்த் யாருக்கு என்று இசக்கியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கையசைத்ததாக ஜெபா பிறகு சொன்னாள்.

சண்டையில் இசக்கி, "ஒங்கப்பன் வீட்டு ரயிலாட்டி இது?" என்று கேட்டுவிட்டாள். எங்கள் சந்தில் நாளுக்குப் பத்துத் தடவை காதில் விழுகிற பேச்சுதான். ஆனாலும் அன்று எனக்குச் சுருக்கென்று தைத்தது. செத்தாலும் இனி உன்னோடு பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துக்கொண்டேன். கொச்சியைச் சுற்றிப் பார்த்த நாட்களெல்லாம் எங்களுக்குள் பேச்சில்லை. ஜெபாதான் இருவருக்கும் நடுவில் கிடந்து திண்டாடினாள்.

கடைசி நாள் ஆலப்புழை. காலையில் போய்ப் பார்த்துவிட்டு, சாயங்காலம் எர்ணாகுளத்துக்குத் திரும்பி பம்பாய் ரயிலைப் பிடிப்பதாக ஏற்பாடு. ஊருக்கு நடுவே நேராகக் கால்வாய் ஓடியது. இரண்டு கரையிலும் சாலை, சாலைக்கு மேல் குடை பிடித்த மாதிரித் தூங்குமூஞ்சி மரங்கள். டீச்சர் எங்களை ஒரு பாலத்தின்மேல் நிறுத்தி, ஒரு காலத்தில் மிளகும் கயிறும் இந்தக் கால்வாய் வழியாகத்தான் கடலுக்குப் போயின, இது கப்பல்கள் வந்து நின்ற ஊர் என்று விளக்கினார். நாங்கள் எட்டிப் பார்த்தோம். தண்ணீரே தெரியாமல் ஆகாயத்தாமரை மூடியிருந்தது.

"நாலாவப் பாக்கவா இம்புட்டுத் தொலவு வந்தோம்? நம்ம வீட்டுப் பின்னாலயே ஓடுதே" என்றாள் இசக்கி.

சாக்கடைக் கால்வாய்க்கு எங்கள் பக்கத்தில் நாலா என்றுதான் பேர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் டீச்சரின் போன் அடித்தது. அவர் பாலத்திலிருந்து இறங்கி ஒரு மரத்தடிக்குப் போனார். குடிக்கத் தண்ணீர் வாங்கலாமா என்று கேட்க இசக்கியும் பின்னாலேயே போனாள்.

போனில் பேசியது என் சித்தப்பா. அன்று காலை அப்பா பட்டறையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவர், மேசைமேலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பிள்ளையிடம் ஒன்றும் சொல்லவேண்டாம், அவ்வளவு தூரம் ரயிலில் அழுதுகொண்டே வரவேண்டாம் என்று சித்தப்பா கேட்டுக்கொண்டாராம். காத்திருக்க முடியாது, இன்றைக்கே எடுத்துவிடுவோம் என்றும் சொன்னாராம். டீச்சர் திடுக்கிட்டுப்போய், கேட்டதையெல்லாம் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். திரும்பிப் பார்த்தால் இசக்கி நிற்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

இதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அன்று நான் கண்டது, டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்ததும், இசக்கி நேராக என் முன்னால் வந்து நின்றதும்தான்.

"ஏட்டி, எங்கூடப் பேசுட்டி" என்றாள்.

நான் ஜெபாவைப் பார்த்து, "சிலபேருக்கு வெக்கமே கெடையாது" என்றேன்.

"நான் சொன்னது தப்புதான். ஒங்கப்பாவ இழுத்திருக்கக் கூடாது."

"அவள சாரி சொல்லச் சொல்லு."

"சாரி."

"சத்தமா."

சத்தமாகச் சொன்னாள். பாலத்தில் சைக்கிள் தள்ளிக்கொண்டு போனவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். இசக்கி யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. பெற்ற தாய் விளக்குமாற்றை எடுத்தாலும் கேட்கமாட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஜெயித்தவளின் மிதப்பு அன்று முழுக்க என்னிடம் இருந்தது.

படகுத்துறையிலிருந்து ஒரு படகில் ஏறினோம். முன்வரிசை வேண்டும் என்றேன். இசக்கி ஓடிப்போய் இடம் பிடித்துத் தந்தாள். வெயில் முகத்தில் அடிக்கிறது என்றேன். தன் துப்பட்டாவை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள். படகு கால்வாயைத் தாண்டி அகன்ற காயலுக்குள் நுழைந்ததும் அவள் எங்களைச் சிரிக்க வைக்கத் தொடங்கினாள். பி.டி. மாஸ்டர் நடப்பது போல நடந்து காட்டினாள். எங்கள் சந்தில் தண்ணீர் லாரி வந்தால் பெண்கள் போடும் சண்டையை, நான்கு குரலில், ஒருத்தியாக நின்று நடத்தினாள். தமிழ் புரியாத பெண்கள்கூட விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வயிறு வலித்தது. போதும்ட்டி, போதும்ட்டி என்று கெஞ்சினேன். அவள் நிறுத்தவில்லை. நான் கொஞ்சம் ஓய்ந்து தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தாலே, உடனே அடுத்ததைத் தொடங்கிவிடுவாள்.

"இவளுக்குப் பேய் கீய் பிடிச்சிருச்சா?" என்று ஜெபா என் காதில் கேட்டாள்.

மத்தியானம் கரையோரக் கடையில் சாப்பாடு. இசக்கி தன் மீன்துண்டை அப்படியே என் இலையில் வைத்தாள். வயிறு சரியில்லையாம். திரும்பும்போது படகின் பக்கவாட்டில் குனிந்து வாந்தியெடுத்தாள். நாலா, நாலா என்று கிண்டல் செய்தவளை நாலாவே தண்டித்துவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். டீச்சர் மட்டும் வந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

கடைத்தெருவில் மரத்தில் செய்த சின்னப் படகுகள் விற்றார்கள். எனக்கு இரண்டு பிடித்திருந்தது. எதை எடுப்பது என்று தெரியவில்லை. இரண்டையும் இசக்கியின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"அப்பாக்கு எதுட்டி பிடிக்கும்?"

அவள் இரண்டு படகையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒன்றைத் தொட்டு, "இது" என்றாள். கடைக்காரர் அதைக் காகிதத்தில் சுற்றி முடிப்பதற்குள் அங்கிருந்து போய்விட்டாள். தேடிப் போனால், கால்வாய்ச் சுவரில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தூசி என்றாள். நான் ஊதிவிட்டேன்.

ரயிலில் மேல் பெர்த்தை நான் கேட்காமலே எனக்குக் கொடுத்தார்கள். கொங்கணத்துச் சுரங்கங்களுக்குள் ரயில் புகுந்து புகுந்து வந்த அந்தப் பகல் முழுவதும் இசக்கி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. வாந்தியெடுத்த அசதி என்று நினைத்தேன்.

குர்லாவில் சித்தப்பா நின்றிருந்தார். தலை மழித்திருந்தது. திருப்பதிக்குப் போனீங்களா சித்தப்பா என்று கேட்டேன். அவர் என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். எங்கள் சந்துக்குள் நுழைந்ததும், குழாயடியில் நின்ற பெண்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அம்மா கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் எழுப்பிய சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

பத்தாம் நாள் காரியம் முடிகிறவரை அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்தார்கள். ஜெபா தினமும் வந்து என்னோடு உட்கார்ந்திருந்தாள். இசக்கி வரவில்லை. நான் பள்ளிக்கூடம் போன அன்று அவள் எங்கள் பெஞ்சை விட்டு மாறிப்போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். குழாயடியில் என்னைக் கண்டால் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள். அம்மாவிடம் சொன்னேன்.

"ஆம்பள இல்லாத வீட்டுக்கு யாரு வருவா?" என்றாள் அம்மா.

அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் நம்பினேன். அந்த வருஷக் கடைசியில் சித்தப்பா எங்களைத் தாராவியிலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்த நெருளுக்கு அழைத்துப் போய்விட்டார். இசக்கியிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினேன். அப்பா போனதற்கு அழுத அழுகையில் பாதி அவள் போனதற்கும் சேர்த்து அழுததுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன், கிங்ஸ் சர்க்கிளில் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது யாரோ என் தோளைத் தொட்டார்கள். இசக்கி. கையில் ஒரு பெண் குழந்தை. பக்கத்து ஓட்டலில் போய் உட்கார்ந்தோம். குழந்தைக்குப் பாலும் எங்களுக்குக் காப்பியும் சொன்னோம். பிறகு அவளாகவே, அந்த மரத்தடியில் நடந்ததை முதலிலிருந்து சொன்னாள்.

"யாருட்டயும் சொல்லல. எங்கம்மாட்டகூட. சத்தியம் பண்ணிருந்தேம்லா."

"அதுக்கு ஏன்ட்டி என்னைய விட்டுட்டுப் போன?"

குழந்தை சர்க்கரைக் கிண்ணத்தை இழுத்தது. அதை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஒங்கம்மா அங்கன நெஞ்சுல அடிச்சு அழுதிட்டு இருக்காவ. நான் ஒன்னைய அந்நேரம் சிரிக்க வச்சிட்டு இருக்கேன். ஒன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அதான் நெனவு வரும். எப்பிடி வந்து ஒம்பக்கத்துல உக்கார?"

நான் மேசைக்கு மேலே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுதாள். குழந்தை பயந்துபோய் அவள் வாயைப் பொத்தியது.

அன்று அப்பா இறந்தது எனக்குத் தெரியாது. அதைப் பெரியவர்கள் மறைத்தார்கள்; எனக்குத் தெரிய வழியில்லை. இசக்கியை யாரும் மறைக்கவில்லை. வெயிலில் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, நான்கு குரலில் சண்டை போட்டுக்கொண்டு, நாள் முழுக்க என் கண்முன்னால்தான் நின்றாள். அவளுக்கும் என் வயதுதான். அவளுக்கு என்ன நேர்ந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவே இல்லை.