வசவில் ஓடிய மூச்சு

முதலில் உதடு மரத்தது. இடுப்பில் எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலி இல்லை. கூம்பு நத்தையிடம் குத்து வாங்கியவர்களுக்கும் அவர்கள் கட்டிலருகே நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்: வலி இல்லாததை நம்பாதீர்கள்.

தீவிலிருந்து மெயின்லேண்ட் கப்பல் கிளம்பும் வாரமென்றால் ஹேடோ துறைமுகக் குவார்ட்டர்ஸ்காரர்கள் வற்றிய கடலில் சங்கு பொறுக்குவோம், ஊருக்குக் கொடுத்தனுப்ப. பொறுக்கியதை லுங்கி மடியில் செருகிக்கொள்வதுதான் பழக்கம். பாறையைப் பிடிக்கக் கை வேண்டுமே. மெட்ரிக் படித்த நானும் செருகினேன். வலை பின்னியதுபோல் கோலம் போட்ட சங்கு. உள்ளே ஆள் இருந்தது. ஊசிப் பல்லை நீட்டித் துணி வழியாகவே குத்திவிட்டது.

கரையேறும்போது கால் மடங்கியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவதற்குள் இமை கவிழ்ந்தது, நாக்கு செத்தது. காது மட்டும் செத்தபாடில்லை.

"பீகே ஆயா கியா?" குடித்துவிட்டு வந்தானா என்று கேட்டான் வார்டு பாய்.

"குடிக்கல்லாம் இல்ல. டூட்டிக்கு மட்டம் போடுத நடிப்பு" என்றார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் அண்ணன். "ஏல, எந்திரில." கன்னத்தில் ஓர் அறை. வலித்தது. சொல்ல வழியில்லை.

வங்காளி டாக்டர் மடியை அவிழ்த்தார். சங்கு தரையில் உருள, சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். அதற்குள் என் உதரவிதானம் (மூச்சை இழுக்கும் தசைச்சுவர்) நின்றுவிட்டது. முகத்தில் ரப்பர் பையைப் பொருத்தி, அழுத்தச் சொல்லி அண்ணன் கையில் கொடுத்தார். பிறகு என் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். கண்மணி சுருங்கவில்லை.

அண்ணன் கை நின்றது. "போயிட்டான் டாக்டர் சாப். விட்ருங்க."

நான் உள்ளே அலறிக்கொண்டிருந்தேன்.

நாடி ஓடுகிறது, நிறுத்தாதே, உன் கை நின்றால்தான் அவன் போவான் என்று இந்தியில் சீறினார் டாக்டர். "பந்த் மத் கரோ."

அண்ணன் அழுத்தினார். அழுத்தி அழுத்தித் திட்டினார். "இழுல, செத்த மூதி. படிச்ச திமிரு. இழுல. அம்மைக்கு எவன்ல பதில் சொல்லுவான்? இழுல." வசவுக்கு ஒரு மூச்சு. அவர் எச்சில் விழுங்க நிறுத்தினால் என் நெஞ்சு காலியாகக் கிடக்கும். அந்த ஆளை அவ்வளவு வெறுத்தபடி, அடுத்த வசவுக்காக ஏங்கிக் கிடந்தேன்.

விரல் அசையத் தொடங்கிய பிறகுதான் டாக்டர் விளக்கினார். நரம்புச் சுவரில் உப்பு நுழையும் நுண்ணிய வாசல்கள் உண்டு. அது நுழைந்தால்தான் சேதி நகரும். நத்தையின் நியூரோடாக்சின் (நரம்பு நஞ்சு) அந்த வாசல்களை அடைத்துவிடும். மாற்று மருந்து கிடையாது. நஞ்சு கரையும்வரை வேறு யாராவது மூச்சு விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே நிறுத்தாதீர்கள். கட்டிலில் கிடப்பவரைப் பிணம்போல வைத்துப் பேசவும் பேசாதீர்கள்.

வீடு திரும்பியதும் கேட்டுவிட்டேன். "விட்ருங்கன்னு சொன்னீங்களேண்ணே. கேட்டுச்சு."

"அழுத்துனதும் கேட்ருக்குமே."

"கேட்டுச்சு."

"பெறவு என்னல?"

அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டுவதில்லை. சாப்பாட்டுக்கு எதிரெதிரே உட்காருகிறோம். பேச்சில்லை. அந்த அமைதியில் என் நெஞ்சு அடுத்த மூச்சைத் தானாக எடுப்பதில்லை. யாரோ அதட்டட்டும் என்று காத்துக் கிடக்கிறது.