முயலுக்கு எண்ணெய்க் குளியல்

ஆவடி குவார்ட்டர்ஸில் மகள் உயிராய் வளர்த்த அங்கோரா முயலுக்கு முடியெல்லாம் சிக்குப் பிடித்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனதும், அவள் தலைக்குச் செய்வதையே முயலுக்கும் செய்தேன்: நல்லெண்ணெய், சீயக்காய், வெந்நீர். நனைந்ததும் அது துவண்டு சாய்ந்தது.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, அதுக்குக் கண்ணாலமா? சாம்பிராணி போட்டியா?"

"செத்துடும் போலிருக்குடி!"

"ஐய, மொதல்ல தொடை. அதுக்குத் தண்ணியே ஆவாது. சிக்கைக் கையால பிரிச்சி சீவணும்."

கணவரின் வேட்டியில் சுற்றி, மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். நாலு மணிக்கு அது என் வயிற்றில் ஓர் உதை விட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மகள் வந்து முகர்ந்து பார்த்தாள். "ஏம்மா இது சீயக்கா வாசனை அடிக்குது?"

"வெள்ளிக்கிழமையாச்சே" என்றேன்.